கும்பற்கொலை எதிர்ப்பில் கலையும் கொடையும்

கலைக்கும் கொடைக்கும் உள்ள உறவு தமிழிலக்கியம் பயில்வார்க்குப் புதியதன்று. பாணரும் பொருநரும் புரவலர் வாயிலை அடைந்து பரிசில் பெற்ற செய்தியை ஆற்றுப்படை நூல்கள் விரித்துரைக்கும். ஆண்டுக் கலைஞனே கொடை பெறுபவன். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இவ்வுறவு வேறு வடிவம் கொண்டது. இனநீதி வேண்டிப் போராடிய ஒரு சங்கத்தின்பொருட்டுக் கலைஞர் தம் படைப்புகளை அளித்தனர். சங்கம் அவற்றை முன்னிறுத்திச் செல்வரின் துணையை நாடியது. செல்வரை நாடிய அந்நிலையில் கலை தன் உண்மையைக் காத்ததா, இழந்ததா? 1935ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிகழ்ந்த ஓர் ஓவியக் கண்காட்சியைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிற மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் 1909இல் தோன்றியது. கறுப்பரும் வெள்ளையரும் கூடி அதனை நிறுவினர். அதன் இதழாகிய 'கிரைசிஸ்' 1910 முதல் டு பாய்ஸ் என்னும் பேரறிஞரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. சங்கம் எடுத்துக்கொண்ட பணிகளுள் தலையாயது கும்பற்கொலையை ஒழித்தல். முறைமன்றம் உசாவித் தீர்ப்பளிக்குமுன், கும்பல் ஒன்று கூடி ஒருவரைப் பிடித்துக் கொல்லும் கொடுமையே ஈண்டுக் கும்பற்கொலை எனப்படுகின்றது. அங்ஙனம் கொல்லப்பட்டாருள் மிகப் பலர் கறுப்பினத்தார். 1889 முதல் 1918 வரை உயிரிழந்தோர் 3,224 பேர் என 1919இல் சங்கம் வெளியிட்ட நூல் கணக்கிட்டுக் காட்டியது.

கணக்கைக் காட்டினால் நாட்டின் மனச்சான்று விழிக்கும் எனச் சங்கத்தார் நம்பினர் போலும். 1922 சனவரியில் டையர் என்பாரின் கும்பற்கொலைத் தடை மசோதா கீழவையில் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே மேரி டால்பர்ட் அம்மையார் தலைமையில் மகளிர் அணியொன்று அமைந்தது. பத்து இலட்சம் பெண்டிரை ஒன்றுதிரட்டி ஒவ்வொருவரிடமும் ஒரு டாலரேனும் பெறுதல் அதன் குறிக்கோள். எண்ணிய தொகை திரளவில்லை. நவம்பர் 23ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. ஆயினும் மேலவையில் தென்மாநில உறுப்பினர் விவாதத்தை முடிவின்றி நீட்டியமையால் மசோதா டிசம்பரில் வீழ்ந்தது. எண்ணும் எழுத்தும் எய்தாத இடத்தை வேறொன்று எய்துமா என்னும் தேடல் இத்தோல்வியினின்று பிறந்தது எனலாம்.

அத்தேடலை மேற்கொண்டவர் வால்ட்டர் ஒயிட். 1931 முதல் சங்கத்தின் செயலாளராக விளங்கிய இவர் புதின ஆசிரியருமாவார். தோற்றத்தால் வெள்ளையராகக் கருதப்படத்தக்க கறுப்பினத்தவராதலின், கொலை நிகழ்ந்த ஊர்களுக்குத் தாமே சென்று, ஐயத்திற்கு இடமின்றி உசாவி உண்மை கண்டவர். 1934இல் காஸ்டிகன், வாக்னர் என்னும் மேலவை உறுப்பினர் இருவர் புதிய மசோதாவைக் கொணர்ந்தபோது, அதற்கு ஆதரவாகக் கும்பற்கொலை பற்றிய ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்த ஒயிட் முனைந்தார். சிறப்புமிக்க புரவலர் பெயர்கள் முன்னிற்பின், காணக் கூசும் பொருளையும் மேன்மக்கள் காண வருவர் என்பது அவர் கருத்து. ஆகவே ஓவியரைத் தேடியதுபோலவே புரவலரையும் தேடினார்.

முதலில் இடமளிக்க இசைந்த செலிக்மன் கலைக்கூடம் திறப்புக்குச் சில நாள் முன்னர்ப் பின்வாங்கியது. நியூட்டன் கலைக்கூடம் இடம் கொடுத்தது. 1935 பிப்ரவரி 15ஆம் நாள் கண்காட்சி தொடங்கியது. கண்காட்சிக் கையேட்டிற்கு ஷெர்வுட் ஆண்டர்சனும் எர்ஸ்கின் கால்ட்வெல்லும் முன்னுரை வரைந்தனர். இசாமு நொகுச்சி கயிற்றில் தொங்கும் உலோக உருவமொன்றைப் படைத்திருந்தார். அடுத்த மாதம் இடதுசாரிக் கலைஞர் இதற்குப் போட்டியாக வேறொரு காட்சியை அமைத்தனர் என்பதும் அறியத்தக்கது.

கொடுமையைக் காட்சிப்பொருளாக்கிச் செல்வர்க்குக் காட்டுதல் தகுமோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவைப் புறக்கணித்தற்கில்லை. கொலைக்களத்தில் எடுத்த புகைப்படங்கள் அஞ்சலட்டைகளாக விற்கப்பட்ட நாடு அது. கொலையுண்டாரின் உடலைக் காட்டுவதே வாணிகமாயிருந்த நிலையில், அதே உடலை நீதியின்பொருட்டுக் காட்டுவதும் இடர் நிறைந்த செயலே.

இதற்கு விடை கண்காட்சிக்குள்ளேயே இருந்தது. ரெஜினால்ட் மார்ஷ் வரைந்த 'இது அவளுடைய முதற் கும்பற்கொலை' என்னும் ஓவியத்தில் கொல்லப்படுபவன் இல்லை. கூடி நிற்கும் கூட்டமே உண்டு. அக்கூட்டத்தில் ஒருத்தி சிறுமி ஒருத்தியைத் தூக்கிப் பிடித்துக் காட்டுகின்றாள். திருவிழாவில் தேரைக் காட்டுவது போன்ற அச்செயலிலேயே ஓவியத்தின் கொடுமை முழுதும் அடங்கியுள்ளது. கொலைஞர் அரக்கரல்லர், அண்டை வீட்டார் என்பதும், கொடுமை தலைமுறைக்குத் தலைமுறை கற்பிக்கப்படுகின்றது என்பதும் ஒருங்கே புலனாகின்றன. அன்றியும், அழைப்பிதழ் பெற்று வந்து ஓவியத்தின்முன் நிற்பவரும் ஒரு பார்வையாளரே. தாமும் பார்த்து வாளாவிருந்த கூட்டத்தில் ஒருவரோ என்னும் ஐயம் அவரை வருத்தாமற் போகாது. எனவே, புரவலரை மகிழ்வித்துப் பொருள் பெறும் கலையன்று இது; புரவலரையே உசாவும் கலை.

மசோதா 1935இலும் நிறைவேறவில்லை. கும்பற்கொலை நிகழ்ந்த செய்தி வருந்தொறும், 'நேற்று ஒரு மனிதன் கும்பற்கொலைக்கு ஆளானான்' என்னும் பொருள்பட எழுதிய கொடியைச் சங்கம் தன் அலுவலகத்தில் பறக்கவிட்டு வந்தது. வாடகையிடத்தை இழக்க நேரும் என்னும் அச்சுறுத்தலால் 1938இல் அதனையும் நிறுத்தியது. கூட்டரசு அளவில் கும்பற்கொலையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சு 29ஆம் நாளில்தான் கையொப்பம் பெற்றது.

பிறர் தரும் இடத்திலும் பொருளிலும் நிற்கும் இயக்கம், அவற்றைத் தருவோர் பின்வாங்குங்கால் தளர்வதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆயினும் புரவலர் பட்டியல் ஓவியத்தின் நாவைக் கட்டவில்லை. ஒயிட் செல்வரை அழைத்தார்; ஆனால் அவர்க்கு இனிய காட்சியைக் காட்டவில்லை. கொடை வேண்டியும் உண்மை குன்றாது நின்றமையே இக்கண்காட்சியின் சிறப்பு என்று கொள்ளுதல் பொருந்தும்.