வெற்றி பெற்ற கலகம் குற்றமாகாதா?

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், தென் கொரியத் தலைநகராம் சியோலின் மாவட்ட நீதிமன்றத்தில், சிறையுடை அணிந்த முதியவர் இருவர் அருகருகே நின்றனர். ஒருவர் சுன் டூ ஹ்வான். மற்றவர் ரோ டே வூ. இராணுவக் கழகத்தில் ஒரே அணியில் பயின்று, ஒருவர் பின் ஒருவராக அதிபர் நாற்காலியில் அமர்ந்து, 1980 முதல் 1993 வரை அந்நாட்டைத் தம் கைக்குள் வைத்திருந்தவர்கள் அவ்விருவரும். அன்று நீதிபதிகளின் முன் அவர்கள் கைகோத்து நின்ற காட்சி புகைப்படமாக உலகெங்கும் சென்றது. சுன்னுக்கு மரண தண்டனையும் ரோவுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

முன்னாள் ஆட்சியாளர்கள் தண்டிக்கப்படுவது வரலாற்றில் புதுமையன்று. வென்றவன் தோற்றவனைத் தண்டிப்பது எக்காலத்தும் உள்ளதே. ஆனால் சியோலில் நடந்தது அவ்வகையைச் சேர்ந்ததன்று. படைபலத்தால் நாட்டைப் பிடித்து, பிடித்த பின் சட்டமும் தானே இயற்றி, ஆண்டு முடித்து, வீட்டுக்குச் சென்று ஓய்ந்திருக்கும் ஒருவரை நீதிமன்றம் அழைத்து, “நீ நாட்டைப் பிடித்த முறை யாது?” என்று வினவ இயலுமா என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை.

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1979 அக்டோபர் 26ஆம் நாள் இரவு, பதினெட்டு ஆண்டுகள் தென் கொரியாவை ஆண்ட பார்க் சுங் ஹீ, தம் உளவுத் துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைப் புலனாய்வு செய்யும் பொறுப்பு இராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த சுன்னிடம் வந்தது. அவர் அப்பொறுப்பையே ஏணியாக்கிக் கொண்டார். டிசம்பர் 12ஆம் நாள் இரவு, கொலையில் தொடர்புடையவர் என்று கூறித் தமக்கு மேலிருந்த தரைப்படைத் தலைவரையே சிறைப்பிடித்தார். அதிபரின் ஒப்புதல் முன்கூட்டிப் பெறப்படவில்லை. வட கொரிய எல்லையை நோக்கி நிற்க வேண்டிய ஒன்பதாம் படைப் பிரிவின் வீரர்களைச் சியோலுக்குள் கொண்டு வந்து சேர்த்தவர் அப்பிரிவின் தலைவர் ரோ டே வூ. பொழுது விடியும் வேளையில்தான் அதிபர் ஒப்பமிட்டார். துப்பாக்கிகளுக்கு நடுவில் பெறப்பட்ட அந்த ஒப்பம் பிற்காலத்தில் ஒரு பெருங்கேள்வியாக எழவிருந்தது.

1980 மே 17ஆம் நாள் இராணுவச் சட்டம் நாடு முழுமைக்கும் விரிக்கப்பட்டது. எதிரணித் தலைவர் கிம் டே ஜுங் அன்றிரவே கைது செய்யப்பட்டார். மறுநாள் தென்மேற்கிலுள்ள குவாங்ஜு நகரில் மாணவர்கள் கிளர்ந்தனர். அவர்களை அடக்க அனுப்பப்பட்டவர்கள் காவலர் அல்லர். போர்க்களத்திற்கெனப் பயிற்சி பெற்ற வான்குடைப் படையினர். தடியும் துப்பாக்கிமுனைக் கத்தியும் வழிப்போக்கரையும் விட்டுவைக்கவில்லை. மே 21ஆம் நாள் மாநில அரசு அலுவலகத்தின் முன் கூடியிருந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சினமுற்ற நகர மக்கள் ஆயுதம் ஏந்தவே படையினர் நகரைவிட்டுப் பின்வாங்கினர். அடுத்த சில நாள்கள் அந்நகரை நகரத்தாரே நடத்தினர். மருத்துவமனை வாயில்களில் குருதி கொடுக்க மக்கள் வரிசையில் நின்றனர். மே 27ஆம் நாள் வைகறையில் படை மீண்டும் புகுந்தது. அலுவலகத்தில் எஞ்சி நின்ற இளைஞர் பலர் மாண்டனர். பின்னர் உறுதி செய்யப்பட்ட கணக்கின்படி, கொல்லப்பட்ட குடிமக்கள் 160 பேருக்கும் மேற்பட்டவர். காணாமற்போனோர் இதில் அடங்கார்.

இக்கிளர்ச்சியைத் தூண்டியவர் என்று யார்மீது குற்றம் சாட்டப்பட்டது தெரியுமா? கிளர்ச்சி தொடங்குமுன்பே காவலில் வைக்கப்பட்டிருந்த கிம் டே ஜுங்மீதுதான்! இராணுவ நீதிமன்றம் அவருக்கு 1980 செப்டம்பரில் மரண தண்டனை விதித்தது. வெளிநாடுகளின் வற்புறுத்தலால் அது 1981இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சுன்னோ அதற்குள் அதிபராகிவிட்டார்.

1987 ஜூனில் மக்கள் தெருவுக்கு வந்தனர். நேரடித் தேர்தலுக்கு ஆட்சியாளர் இணங்கினர். ஆனால் எதிரணியின் இரு கிம்களும் தனித்தனியே நின்று வாக்குகளைப் பிளந்ததால், சுன்னின் தோழர் ரோவே வென்றார். பழைய ஆட்சியின் ஊழல்கள்மீது மக்களின் சினம் ஆறவில்லை. 1988 நவம்பர் 23ஆம் நாள், சுன் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மலைநடுவிலுள்ள பெக்தாம்சா என்னும் புத்தர் கோயிலுக்கு மனைவியோடு சென்று ஒதுங்கினார். ஈராண்டுகள் கழித்து வீடு திரும்பினார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும்.

1993இல் கிம் யங் சாம் அதிபரானார். முப்பதாண்டுகளுக்குப் பின் வந்த படைத்துறை சாராத அதிபர் எனினும், அவர் ரோவின் கட்சியோடு இணைந்தே பதவிக்கு வந்தவர். ஆகவே, முந்தைய நிகழ்ச்சிகளை வரலாற்றின் தீர்ப்புக்கு விட்டுவிடலாம் என்றார். ஆட்சியாளர் வரலாற்றின்மீது பாரத்தை இறக்கி வைக்கும்போதெல்லாம், தம் தோளை விடுவித்துக் கொள்கிறார் என்பதே பொருள். 1995 ஜூலையில் அரசு வழக்குரைஞர்கள் தம் முடிவை அறிவித்தனர். படைவலியால் ஒரு புதிய அரசமைப்பு உருவாகி நிலைபெற்றுவிட்ட பின், அதனை உருவாக்கியவரைப் பழைய சட்டத்தால் விசாரிக்க இயலாது என்பது அம்முடிவு. மக்கள் வழக்கில் அது, ‘வெற்றி பெற்ற கலகத்தைத் தண்டிக்க இயலாது’ என்னும் ஒரே தொடராகச் சுருங்கியது.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் அதில் ஒரு கசப்பான உண்மை உள்ளது. தோற்ற கலகக்காரன் துரோகியாகின்றான், வென்றவன் அரசனாகின்றான். ஆயினும் இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால், சட்டம் கூறுவது என்ன? ‘கலகம் செய்யாதே’ என்பதன்று. ‘செய்தால் தோற்காதே’ என்பதே.

இவ்வாதத்தை முதலில் அசைத்தது அறச்சீற்றம் அன்று, பணம்! 1995 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், ரோவின் மறைநிதி வங்கியில் பிறர் பெயரில் இருப்பதைச் சான்றோடு வெளியிட்டார். ஈராண்டுகளுக்கு முன் வங்கிக் கணக்குகள் யாவும் உண்மைப் பெயரிலேயே இருக்க வேண்டுமென்று வந்த சட்டம் இங்கே கைகொடுத்தது. சில நாள்களில் ரோ கண்ணீரோடு தொலைக்காட்சியில் தோன்றி, ஏறத்தாழ 50,000 கோடி வோன் திரட்டியதை ஒப்புக்கொண்டார். நவம்பரில் கைதானார். சுன்னோ தம் வீட்டு வாயிலில் நின்று, விசாரணைக்கு ஒத்துழையேன் என்று அறிக்கை வாசித்துவிட்டுச் சொந்த ஊருக்குப் புறப்பட்டார். மறுநாள், டிசம்பர் 3ஆம் நாள், அங்கேயே கைது செய்யப்பட்டார்.

அதிபர் கிம் யங் சாமும் தம் நிலையை மாற்றிக் கொண்டார். அதே மாதம் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. குற்றவாளிகளே ஆட்சியிலிருந்த காலத்தில் அரசு அவர்கள்மீது வழக்குத் தொடர இயலாதிருந்தது. ஆதலால் ரோவின் பதவிக்காலம் முடிந்த 1993 பிப்ரவரி வரை, வழக்குக்குரிய காலவரம்பு ஓடவில்லை என்று கொள்ள வேண்டும் என்பது அச்சட்டம். முடிந்துபோன காலவரம்பைப் பின்னோக்கித் திறப்பது முறையா? இவ்வினா அரசியல் சட்ட நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர், காலவரம்பு முன்பே முடிந்திருந்தால் இச்சட்டம் செல்லாது என்றனர். நால்வர் செல்லும் என்றனர். ஆனால் ஒரு சட்டத்தைச் செல்லாததாக்க ஆறு நீதிபதிகள் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே ஐவர் மறுத்தும் சட்டம் நிலைத்தது. இவ்வழக்கைப் புகழ்வோர் இந்தக் குறுகிய வாயிலை மறந்துவிடுதல் கூடாது. நேர்மையான மனமுடைய நீதிபதிகளே தயங்கிய இடம் இது.

மேல்முறையீட்டில், 1996 டிசம்பரில், சுன்னின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகவும் ரோவின் தண்டனை பதினேழு ஆண்டுகளாகவும் குறைந்தன. ஆட்சியை இழப்பவன் உயிரையும் இழப்பான் என்ற நிலை இருந்தால், எவனும் அமைதியாக ஆட்சியைவிட்டு இறங்கமாட்டான் என்பது அந்நீதிபதிகள் கண்ட நுட்பம். 1997 ஏப்ரல் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அரசியல் சட்டம் வகுத்த மக்களாட்சி முறையைப் படைபலத்தால் முடக்கி ஆட்சியைக் கைப்பற்றுவது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு கைப்பற்றியோர் பின்னர் ஆண்டார்கள் என்பதால் குற்றம் குற்றமில்லாமற் போகாது என்று அம்மன்றம் கூறியது. விடியற்காலையில் பெற்ற ஒப்பம், முதல்நாள் இரவின் கலகத்தைக் கழுவிவிடாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி.

அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி அந்நீதிமன்றங்கள் வகுத்த மற்றொரு கருத்தும் எண்ணத்தக்கது. பெருந்தொழில் முதலாளிகள் கொடுத்த பணத்திற்குக் கைம்மாறாக இன்ன சலுகை வழங்கப்பட்டது என்று மெய்ப்பிக்கவில்லையே என்பது எதிர்வாதம். நாட்டின் எல்லாத் துறைகளும் ஓர் அதிபரின் கையசைவில் இயங்குகின்றன. ஆகவே அவரிடம் தரப்படும் பணம், எந்த வேலைக்கென்று பெயர் குறிக்கப்படாவிடினும், கையூட்டே ஆகும் என்றனர் நீதிபதிகள். சுன் 22,050 கோடி வோனும், ரோ ஏறத்தாழ 26,290 கோடி வோனும் அரசுக்குச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு நிலைபெற்ற எட்டே மாதங்களில் சிறைக்கதவு திறந்தது. 1997 டிசம்பரில் தென் கொரியா பொருளாதார வீழ்ச்சியில் சிக்கி, அனைத்துலகப் பண நிதியத்திடம் கையேந்தி நின்றது. அம்மாதம் 18ஆம் நாள் நடந்த தேர்தலில் வென்றவர், சுன்னின் காலத்தில் தூக்குக் கயிற்றின் நிழலில் கிடந்த அதே கிம் டே ஜுங்! நாட்டு ஒற்றுமையின் பெயரால் அவர் இணங்க, பதவி முடியவிருந்த கிம் யங் சாம் மன்னிப்பு வழங்கினார். டிசம்பர் 22ஆம் நாள் இருவரும் வெளியே வந்தனர். கிம் டே ஜுங்கின் பெருந்தன்மை உயர்ந்ததே. ஆயினும், குவாங்ஜுவில் மகனைப் புதைத்த தாயின் சார்பில் மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று கேட்டவர்களும் இருந்தனர்.

தவறு செய்தவன் தவறென்று உணர்ந்த கணத்திலே அறம் நிறைவு பெறுகிறது என்பது தமிழர் கண்ட நெறி. கண்ணகியின் சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது, பாண்டியன் வேறு வாதம் தேடவில்லை, அரியணையிலிருந்து வீழ்ந்தான். சுன்னின் கதையில் அந்தக் கணம் வரவேயில்லை. 2003இல் நீதிமன்றம் சொத்துக் கணக்குக் கேட்டபோது, தம்மிடம் உள்ள ரொக்கம் 291,000 வோன் என்றார். அன்றைய மதிப்பில் அது ஆயிரம் மலேசிய ரிங்கிட்டுக்கும் குறைவு. ரோ தம் தொகை முழுவதையும் 2013இல் செலுத்தி முடித்தார். சுன்னிடம் வாங்குவதற்கோ, அவ்வாண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பிறர் பெயரில் மறைந்துள்ள பொருளையும் பறிக்க அச்சட்டம் வழிவகுத்தது.

2017இல் அவர் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். குவாங்ஜு மக்களை நோக்கி ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சாட்சியம் கூறி மறைந்த பாதிரியார் ஒருவரைப் பொய்யர் என்று அதில் எழுதினார். அதனால் அவதூறு வழக்கு எழுந்தது. 2019 மார்ச் 11ஆம் நாள், எண்பத்தெட்டு வயதில், அவர் குவாங்ஜு நீதிமன்றத்திற்கு வந்தார். துப்பாக்கிச் சூட்டிற்கு ஆணையிட்டதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நிருபர்கள் கேட்டபோது எரிச்சலுற்றார். நீதிமன்றத்தை அடுத்த தொடக்கப் பள்ளியின் சன்னல்களிலிருந்து, அந்நிகழ்ச்சிக்கு ஒரு தலைமுறை கழித்துப் பிறந்த சிறுவர் சிறுமியர் அவருக்கு எதிராக முழக்கமிட்டனர். பாடநூலில் படித்த பெயரை அவர்கள் அன்று கண்ணால் கண்டனர். 2020 நவம்பர் 30ஆம் நாள், ஹெலிகாப்டரிலிருந்து சுட்டது உண்மையே என்று அந்நீதிமன்றம் முடிவு கூறி, எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதனை நிறுத்தி வைத்தது.

ரோவின் முடிவு வேறு. நோயுற்றுக் கிடந்த தந்தையின் சார்பில் அவருடைய மகன் 2019இல் குவாங்ஜு கல்லறைக்குச் சென்று வணங்கினார். 2021 அக்டோபர் 26ஆம் நாள் ரோ இறந்தபோது, அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது; அதற்கும் எதிர்ப்பு இருந்தது. அடுத்த மாதம் 23ஆம் நாள், தாம் கோயிலுக்கு ஒதுங்கிய அதே தேதியில், சுன் இறந்தார். அவருக்கு அரசு மரியாதை இல்லை. செலுத்த வேண்டிய தொகையில் ஏறத்தாழ 9,560 கோடி வோன் செலுத்தப்படாமலே நின்றது. மேல்முறையீட்டில் இருந்த அவதூறு வழக்கும் அவரோடு முடிந்தது. 1980 மே 21ஆம் நாள் சுடுமாறு ஆணையிட்டவர் யார் என்பதை அவர் வாயால் எவரும் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 3ஆம் நாள் இரவு, அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். வீரர்கள் நாடாளுமன்றத்திற்குள் புகுந்தனர். உறுப்பினர் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றனர். சில மணி நேரத்தில் 190 பேர் கூடி, ஒருவரும் மாறுபடாமல், அதனை நீக்க வாக்களித்தனர். 2025 ஏப்ரல் 4ஆம் நாள் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவியினின்று அகற்றியது. அதே மாதம் அவர்மீது அரசுக்கு எதிரான கிளர்ச்சி வழக்கின் விசாரணை தொடங்கியது. கிளர்ச்சி என்னும் சொல்லுக்கு வழக்குரைஞர்கள் பொருள் தேடிப் புரட்டிய ஏடு, 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் தீர்ப்பு.

அதற்கு முன்னரே, 2023 மார்ச் 31ஆம் நாள், சுன்னின் பேரன் ஒருவர் குவாங்ஜுவுக்கு வந்திருந்தார். பாட்டனார் செய்தது குற்றம் என்று சொல்லி, மகனை இழந்த தாய்மார் முன் மண்டியிட்டார். பின்னர்க் கல்லறைத் தோட்டத்தில் தம் மேலங்கியைக் கழற்றி, அதனால் நடுகற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.