சாவி கொடுத்த ரயில்

போன கார்த்திகை மாதம் பாரிஸிலிருந்து தம்பி போன் செய்தான். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். ஒரே வீட்டில் வளர்ந்தோம். எனக்கு இரண்டு வயது இளையவன்.

"அண்ணே, கிறிஸ்துமஸ் லீவுக்குப் பேரனையும் கூட்டிட்டு வர்றேன். ஆறு வயசு. ரயில்னா உயிர். மூணு வாரம் உங்க வீட்டுக் கூடத்துல அவனுக்குப் பொழுது போகணும். ஒரு ரயில் செட் நீயே பாத்து வாங்கி வை" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நெஞ்சில் ஏதோ தைத்தது. ரயில் பொம்மை விஷயத்தில் அவனுக்கு நான் ஒரு பழைய கடன் பாக்கி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் நேரு வீதியில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். விளக்கு எரிகிற ரயில், புகை விடுகிற ரயில், பாட்டுப் பாடுகிற ரயில் என்று பையன் வரிசையாக எடுத்து வைத்தான். "இதுக்குத் தண்டவாளம் மட்டும் தனியா கிடைக்குமா?" என்று கேட்டேன். "இல்ல சார், செட்டோட வர்றதுதான்" என்றான். வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். கிழவனுக்கு என்ன கிறுக்கோ என்று நினைத்திருப்பான். கிறுக்கு இல்லை. 130 வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் ஒரு குடும்பம் கண்டுபிடித்த வியாபார ரகசியம் அது.

நிஜ ரயில் ஐரோப்பாவில் ஓடத் தொடங்கிய சில வருஷங்களிலேயே பொம்மை ரயிலும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து ரயிலுக்குத் தண்டவாளம் கிடையாது. தகரத்திலோ மரத்திலோ செய்து, கயிறு கட்டித் தரையில் இழுப்பார்கள். இன்றும் சென்னப்பட்டணத்து மரக் கடைசல் ரயில் அப்படித்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல ரயில் இல்லை.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் மெர்க்லின் என்ற தகர வேலைக்காரர் 1859-ல் ஒரு பட்டறை வைத்தார். அவர் செய்தது ரயில் அல்ல, பொம்மை வீட்டுக்கான சமையல் சாமான்கள். சில வருஷத்தில் அவர் இறந்துவிட, மனைவி கரோலின் தொழிலை விடாமல் நடத்தினார். பொம்மை வீடு வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டை ஒரு தடவைதான் வாங்குவார்கள். ஆனால் அதற்கு இந்த வருஷம் அடுப்பு, அடுத்த வருஷம் கட்டில், அதற்கடுத்த வருஷம் அலமாரி என்று வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மகன்கள் இதை ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். 1891-ல் லைப்சிக் சந்தையில், எட்டுப் போட்ட தண்டவாளத்தில் சாவி கொடுத்து ஓடுகிற ரயிலை அவர்கள் வைத்தபோது, அதிசயம் என்ஜினில் இல்லை, தண்டவாளத்தில் இருந்தது. அகலத்துக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருந்தார்கள். இந்த வருஷம் வாங்கியதோடு அடுத்த வருஷம் வாங்குவது பொருந்தும். பிறகு 1-ஐ விடச் சிறிய அளவு வந்தபோது அதற்கு 0 என்றே பெயர் வைத்தார்கள். ஒன்றாம் எண் 45 மில்லிமீட்டர், பூஜ்யம் 32.

ஆகவே ரயில் வாங்கப் போகிறவர் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். பிற்பாடு கூட ஒரு பெட்டி, ஒரு கிளைப்பாதை, ஒரு பாலம் சேர்க்க முடியுமா? முடியாது என்றால் அது ஒரு வாரத்து ரயில்.

இன்னொரு கதையும் எனக்குப் பிடிக்கும். 1900 வாக்கில் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர், கடை ஜன்னலில் கூட்டம் சேர்ப்பதற்காக மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து கொடுத்தார். விற்பனைக்கு அல்ல, வேடிக்கைக்கு. ஆனால் வந்தவர்கள் ஜன்னலில் ஓடுகிற வண்டியையே கேட்டார்கள். அமெரிக்காவின் லயனல் ரயில் அப்படிப் பிறந்தது. பார்க்க வைத்ததை மனிதன் தொட்டு ஓட்டத்தான் விரும்புவான். இதை எங்கள் அப்பா அறிந்திருக்கவில்லை.

இங்கிலாந்தில் லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி முதலில் செய்தது மெக்கானோ. துளையிட்ட உலோகப் பட்டைகளை நட்டு போல்ட் போட்டு இணைக்கிற விளையாட்டு, 1901-ல் காப்புரிமை பெற்றது. 1920-ல் அவர் சாவி ரயில் விற்கத் தொடங்கினார். அந்த ரயிலையும் நட்டு போல்ட்டைக் கழற்றிப் பிரித்து மாட்டலாம். பாரிஸுக்குப் பக்கத்தில் பொபிஞியிலும் அந்தக் கம்பெனிக்குத் தொழிற்சாலை இருந்ததால், பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் ஹார்ன்பி சொந்த ரயில் ஆனது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் துரை வீட்டுப் பிள்ளைகள் வாயில் இந்தப் பெயர்கள் அடிபடும். நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

1958-ல் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ஊர்ப்பேச்சில் சொல்தா. அல்ஜீரியாவிலிருந்து லீவில் வந்தவர், மார்சேயில் தன் மகனுக்காக வாங்கிய சிவப்பு அட்டைப்பெட்டியைத் திறந்தார். பச்சை என்ஜின், இரண்டு பெட்டி, வளைவும் நேருமாகத் தகரத் தண்டவாளம், ஒரு சாவி. கூடவே பிரெஞ்சில் ஒரு காகிதம். லீசேயில் படிக்கிறவன் என்று என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். சாவியை அளவுக்கு மேல் திருகக் கூடாது என்று அதில் இருந்தது. உரக்க வாசித்து, தமிழிலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சித்தப்பா கப்பலேறியதும் அப்பா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். விருந்தாளி வந்தால் எடுப்பார். அப்பாவே கூடத்தில் தண்டவாளம் போடுவார், அப்பாவே சாவி கொடுப்பார். நாங்கள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருப்போம். ரயிலுக்குச் சொந்தக்காரனும் என் பக்கத்தில் கைகட்டித்தான் உட்கார்ந்திருப்பான்.

அந்த வருஷங்களில் எங்களுக்குத் தெரிந்த நிஜ ரயில் விழுப்புரம் வண்டி. 1879-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் திறந்த பாதை. அதைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பிரான்சில் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஆனால் புதுச்சேரியில் போட்டது மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். காரணம், விழுப்புரத்தில் காத்திருந்த தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் கேஜ். இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி, அந்தப் பக்கம் ஆங்கிலேயர் கொடி. சட்டம் வேறு. அகலம் மட்டும் ஒன்று. இரண்டு வல்லரசுகள் ஒத்துப்போன விஷயம் அது. மெர்க்லின் மகன்கள் 12 வருஷம் கழித்துப் பொம்மைக்குச் செய்ததும் அதே வேலைதான்.

இப்போது பெரியவர்கள் சேர்க்கிற ரயில்களில் அதிகம் புழங்குவது எச்-0. பூஜ்யத்தில் பாதி என்று பொருள். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், பிரான்சின் 1,435 வரும். நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை அதே கணக்கில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். ஆகவே எச்-0 தண்டவாளத்தில் நம் ஊர் என்ஜின் பொம்மை ஓடினால், அது கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். பழைய விழுப்புரம் வண்டிக்கு அந்த அளவில் 12 மில்லிமீட்டர் பாதை தனியாக உண்டு.

பிரான்சில் எச்-0 ரயிலைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது ஷுவெஃப். 1944-ல் ஜூரா மலைப்பக்கம் ஷம்பாஞோலில் தொடங்கிய கம்பெனி, பிளாஸ்டிக்கில் செய்து விலையைக் குறைத்தது. ஆனால் எச்-0 வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பெயர் ஒன்றானாலும் மின்சார முறை ஒன்றல்ல. பெரும்பாலானவை இரண்டு தண்டவாளத்திலும் நேர்மின்சாரம் பாய்வது. மெர்க்லினின் பழைய முறை மாறுமின்சாரம், நடுவிலும் ஒரு தொடர்பு உண்டு. ஒன்றின் என்ஜின் மற்றதில் ஓடாது. எச்-0 சக்கரம் நுணுக்கமானது. ஆறு வயதுப் பிள்ளை ஏற்றி வைத்தால் தடம் புரண்டுகொண்டே இருக்கும், தாத்தாதான் உட்கார்ந்து ஓட்டுவார். பிள்ளை மறுபடியும் கைகட்டி உட்காரும். எட்டு, பத்து வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் மர ரயில் என்று முடிவு செய்தேன். சுவீடனின் பிரியோ 1958-லிருந்து செய்கிற மாதிரி. மரத் துண்டில் இரண்டு பள்ளம், ஒரு முனையில் குமிழ், மறு முனையில் துளை. பல கம்பெனிகள் அதே அளவில் செய்வதால் ஒன்றோடு ஒன்று சேரும். பெட்டிகளைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது. சாவி இல்லை, பேட்டரி இல்லை, பிள்ளையின் கைதான் என்ஜின். மகள் இணையத்தில் வரவழைத்துக் கொடுத்தாள். 1958 என்ற வருஷத்தைப் பார்த்ததும் பழைய கடன் மறுபடி குத்தியது.

அது இதுதான். ஒரு நாள் மத்தியானம், அப்பா ஆபீஸில் இருந்தபோது, அலமாரிச் சாவி கண்ணில் பட்டது. ரயிலை எடுத்து, தண்டவாளம்கூடப் போடாமல், கையில் வைத்துத் திருகினேன். காகிதத்தை வாசித்தவன் நான்தான். நின்ற பிறகும் இன்னும் ஒரு சுற்று திருகினேன். உள்ளே டங் என்று ஒரு சத்தம். அப்படியே வைத்துப் பூட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு விருந்தாளிகள் முன் ரயில் நகரவில்லை. "யார் எடுத்தது?" என்றார் அப்பா. நான் வாய் திறக்கவில்லை. ரயில் யாருடையதோ அவன்தான் எடுத்திருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. ஆபீஸ் ரூல்தடியால் நாலு அடி. சித்தி சமையலறை வாசலில் நின்றார். மூத்தார் முன்னால் அவர் பேசும் வழக்கமில்லை.

1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நிலைத்தது. சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் சித்தியும் தம்பியும் போய்விட்டார்கள். ஓடாத ரயிலை யார் சுமப்பார்கள்? அது எங்கள் பரணிலேயே தங்கிவிட்டது.

பரணிலிருந்து இறக்கி, கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பாயிடம் கொண்டுபோனேன். தகர மூடியை நெம்பித் திறந்தார். சுருள்வில் உள்முனையில் ஒடிந்திருந்தது. மீதியைச் சூடுபண்ணி வளைத்து மாட்டினார். "நீளம் கொறஞ்சிருக்கு, முன்ன மாதிரி ஓடாது" என்றார்.

அவர்கள் வந்த இரண்டாம் நாள், பேரன் மர ரயிலில் மூழ்கியிருக்கும்போது, சிவப்புப் பெட்டியைத் தம்பி முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? பெரியப்பா மாடிக்குப் போற நேரமெல்லாம் எடுத்துத் திருகுவேன். அன்னைக்கு அடி விழுந்தப்போ, நான்தான் ஒடைச்சேன்னு நெனச்சு வாங்கிக்கிட்டேன். இத்தனை வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் பேரனைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தான். பையன் திருகினான். நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் திருகப் பார்த்தான். என் கை தானாக நீண்டது, மடக்கிக்கொண்டேன். ரயில் ஒன்றரைச் சுற்று ஓடி நின்றது. "இன்னொரு தரம்" என்றான் பையன், பிரெஞ்சில்.