வளாகத் தரிப்பிடமும் லயத்துப் பிள்ளைகளும்

பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் வாகனங்களுக்குத் தரிப்பிடம் போதவில்லை என்ற முறைப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளையே நினைக்கிறேன். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இந்த வருமானத்தில் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்க எத்தனை வீடுகளால் முடியும்?

1952 முதல் பேராதனையில் இயங்கும் பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ரயிலில் போகலாம். வளாகத்தையொட்டி சரசவி உயன நிலையமும் இருக்கிறது. ஆனால், லயத்திலிருந்து ஹட்டன் நிலையத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. குண்டும் குழியுமான தோட்டப் பாதை. பஸ் தவறினால் முச்சக்கரவண்டிக் கூலி.

தரிப்பிடம் கேட்பது நியாயமே. வண்டியே இல்லாத மாணவருக்கு என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நேரத்துக்கு வரும் பஸ், சலுகைப் பருவச்சீட்டு, விடுதியில் ஓர் இடம்: அவர்களுக்கான தரிப்பிடம் இவைதான்.