‘காஞ்சனா’ பேய்க்கு விசில் அடித்தோம்... பக்கத்து ஊர் திருநங்கைக்கு? பேய்ப் படங்களுக்கும் பால்புதுமையினருக்கும் என்ன தொடர்பு?

2011-ம் ஆண்டு. ஜூலை மாதம் ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த ‘காஞ்சனா’ ரிலீஸ் ஆகிறது. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை, பேயாக வந்து பழிவாங்கும் கதை. படம் சூப்பர் ஹிட். பேய் வில்லனைப் பந்தாடும்போது தியேட்டரில் விசில் பறந்தது.

அதே 2011-ல் ஒரு புத்தகமும் வெளியானது. பெயர் ‘வெள்ளை மொழி’. எழுதியவர் திருநங்கை எழுத்தாளர் ரேவதி. நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பேய் இல்லை, பழிவாங்கல் இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு திருநங்கை தன் வாழ்க்கையைத் தானே சொன்ன கதை.

பேயை ஊரே பார்த்தது. புத்தகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பேய்ப் படங்களுக்கும் பால்புதுமையினருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியில் இருந்தே தொடங்கலாம்.

பால்புதுமையினர் என்றால் யார்?

திருநங்கையர், திருநம்பிகள், ஓரினச் சேர்க்கையாளர்கள், இருபால் ஈர்ப்பு கொண்டவர்கள் என எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் சொல் இது. ‘அலி’, ‘ஒன்பது’ போன்ற கேலிச் சொற்களுக்கு மாற்றாக, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக வந்த பட்டியல் அது.

ஒரு விஷயம் கவனிக்கணும். திருநங்கை என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது. ஓரின ஈர்ப்பு என்பது யார் மீது ஈர்ப்பு என்பது. இரண்டும் வேறு வேறு. நம்ம சினிமா பல நேரம் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடும்.

சரி, பேய்ப் படத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

இது தமிழில் ஆரம்பித்த கதை இல்லை. ‘டிராகுலா’ நாவல் வந்தது 1897-ல். அதற்கு 25 வருடம் முன்பே, 1872-ல், ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’ வந்துவிட்டது. ஒரு இளம்பெண் மீது ஈர்ப்பு கொள்ளும் பெண் ரத்தக்காட்டேரியின் கதை அது.

ஹாலிவுட்டில் 1934-ல் இருந்து ஹேஸ் விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. ஓரின ஈர்ப்பைத் திரையில் காட்டவே கூடாது என்பது அதில் ஒரு விதி. நேராகக் காட்ட முடியாததை, பேய், பூதம், ரத்தக்காட்டேரி என்ற முகமூடிக்குள் ஒளித்துக் காட்டினார்கள்.

1931-ல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தை இயக்கிய ஜேம்ஸ் வேல், தான் ஓரின ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவர். அந்தப் படத்தில் வரும் விநோத உருவம் தானாகக் கேட்டுப் பிறக்கவில்லை. படைத்தவனே கைவிடுகிறான். கடைசியில் ஊரே தீப்பந்தத்தோடு துரத்துகிறது. பால்புதுமையின ரசிகர்கள் பலர், ‘இது நம்ம கதை மாதிரியே இருக்கே’ என்று அந்தப் பூதத்தின் பக்கம் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘சைக்கோ’ (1960), ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ (1991) போன்ற படங்களில் பெண் உடை அணியும் ஆண்தான் கொலைகாரன். பால் அடையாளத்தில் வித்தியாசமாக இருந்தாலே ஆபத்தானவர் என்ற பயத்தை இந்தப் படங்கள் விதைத்ததாக விமர்சனம் எழுந்தது. 1992 ஆஸ்கர் விழாவுக்கு வெளியே போராட்டமே நடந்தது.

ஆக, பேய்ப் படம் இவர்களுக்கு அடைக்கலமாகவும் இருந்தது, அவதூறாகவும் இருந்தது.

நம்ம ஊர் பேய் யார்?

ஹாலிவுட் பூதம் வெளியில் இருந்து வரும் ஆபத்து. நம்ம ஊர் பேய் அப்படி இல்லை. அநியாயமாகச் செத்தவர்தான் இங்கே பேய். கணவனால் கொல்லப்பட்டு, நியாயம் கேட்டுத் திரும்பி வந்த பழையனூர் நீலி கதை இதற்குப் பழைய உதாரணம்.

சேலம், நாமக்கல் பக்கம் ஏரிக்கரை, காட்டோரம் எங்கே போனாலும் ஒரு முனியப்பன் கோயில் இருக்கும். பயப்படவும் செய்வோம், கும்பிடவும் செய்வோம். ‘காஞ்சனா’ படத்தின் முதல் பாகத்துக்கு ‘முனி’ (2007) என்று பெயர் வைத்ததும் இந்த மண்ணின் நம்பிக்கையில் இருந்துதான்.

அதனால்தான் தமிழ் ரசிகருக்குப் பேய் மீது பயமும் வரும், பரிதாபமும் வரும். ‘பாவம், அதுக்கு என்ன நடந்துச்சோ’ என்று கேட்பார்கள். ‘காஞ்சனா’ சரியாக இந்த இடத்தில்தான் திருநங்கையைக் கொண்டுவந்து நிறுத்தியது.

‘காஞ்சனா’ என்ன செய்தது?

அதுவரை பெரும்பாலான தமிழ்ப் படங்களில் திருநங்கை என்றால் இரண்டு நிமிட காமெடி. இல்லாவிட்டால் வில்லன். இந்தப் படத்தில் காஞ்சனாவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. பெற்றோரால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். ஒரு இஸ்லாமியர் அடைக்கலம் கொடுக்கிறார். தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு திருநங்கையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறார். அந்த நிலம்தான் அவர் உயிருக்கு எமனாகிறது.

காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். அதே ஆண்டு மே மாதம்தான் தென்காசி எம்.எல்.ஏ ஆனவர். ஆக்‌ஷன் ஹீரோ, கட்சித் தலைவர், புடவை கட்டி நடித்ததே அன்றைக்குப் பெரிய செய்தி. படம் 2012-ல் ‘கல்பனா’ என்ற பெயரில் கன்னடத்துக்குப் போனது. 2020 நவம்பரில் அக்‌ஷய் குமார் நடிப்பில் ‘லக்ஷ்மி’யாக இந்திக்கும் போனது.

அப்புறம் என்ன பிரச்சினை?

முதல் பிரச்சினை: காஞ்சனாவுக்கு நியாயம் கிடைப்பது செத்த பிறகுதான். அதுவும் ஒரு ஆண் ஹீரோவின் உடம்புக்குள் புகுந்தால்தான். உயிரோடு இருந்தவரை எந்த போலீசும் எந்த கோர்ட்டும் அவருக்கு உதவவில்லை.

இரண்டாவது: திருநங்கை பாத்திரத்தில் நடித்தவர் திருநங்கை இல்லை. இந்தி ரீமேக்கிலும் அதே கதைதான், ஷரத் கேல்கர் நடித்தார்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஹீரோவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அவர் நடை மாறுகிறது. புடவை மேல் ஆசை வருகிறது. வளையல் போடுகிறார். குடும்பம் பதறுகிறது, தியேட்டர் சிரிக்கிறது. அதாவது, ஆணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவர் பெண்ணாக நடந்துகொள்வதுதான் படத்தில் பேய் பிடித்ததற்கான அறிகுறி.

படத்தில் அது காமெடி. பல வீடுகளில் அது காமெடி இல்லை.

‘பேய் பிடிச்சிருக்கு’ - தியேட்டருக்கு வெளியே

பையன் பெண் மாதிரி நடக்கிறான் என்றால் மந்திரிப்பது, தாயத்து கட்டுவது, அடித்துத் திருத்தப் பார்ப்பது எல்லாம் நம்ம கிராமங்களில் புதிது இல்லை.

ரேவதி தன் புத்தகத்தில் எழுதும் சின்ன வயது அனுபவம் இங்கே முக்கியம். ஊர்த் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டியபோது ஊர் ரசித்தது. அதே பெண்மையோடு வீட்டில் இருந்தபோது கிடைத்தது அடியும் வசவும். வேஷம் என்றால் கைதட்டல், வாழ்க்கை என்றால் அடி. ‘காஞ்சனா’வுக்கு விசில் அடித்துவிட்டு, வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையைப் பார்த்து முகம் திருப்புவதும் இதே கணக்குதான்.

2014-ல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. 2018-ல் ஓரினச் சேர்க்கை குற்றம் இல்லை என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ சிகிச்சை மூலம் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவர்களின் தொழில் ஒழுங்கை மீறும் செயல் என்று அறிவித்தது. எளிமையாகச் சொன்னால், இது நோய் இல்லை, குணப்படுத்த எதுவும் இல்லை. ஓட்டுவதற்குப் பேயும் இல்லை.

உயிரோடு ஜெயித்தவர்கள்

பழிவாங்கிய பேயை விட சுவாரஸ்யமான கதைகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, எஸ்.ஐ. தேர்வு எழுத கோர்ட் படி ஏறினார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-ல் பணியில் சேர்ந்து, நாட்டின் முதல் திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் ஆனார்.

நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டில் ரியா, 2020 ஜனவரியில் திமுக சார்பில் ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் வென்றார். ஆணும் பெண்ணும் ஒரே உடலாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரர் மலை மேல் இருக்கும் ஊர் அது. மலையேறி அந்த உருவத்தை எத்தனையோ தலைமுறையாகக் கும்பிடுகிறோம். அடிவாரத்தில் ஓட்டும் போட்டிருக்கிறார்கள்.

ரேவதியோ எழுத்தாளர், செயற்பாட்டாளர் என்பதோடு நிற்காமல், தன் கதையைத் தானே மேடையில் நடித்தும் காட்டுகிறார்.

கடைசியாக...

‘காஞ்சனா’ கெட்ட படமா? அப்படிச் சொல்ல முடியாது. ஒரு திருநங்கைக்காக லட்சக்கணக்கான பேரைக் கண்கலங்க வைத்த படம் அது. ஆனா அந்தக் கண்ணீருக்கு அவர் சாக வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த முறை டிவியில் ‘காஞ்சனா’ ஓடும்போது, பேய் வரும் சீனுக்காக மட்டும் காத்திருக்காதீங்க. பெற்றோர் அவரை வீட்டை விட்டுத் துரத்தும் சீனையும் கவனமா பாருங்க. அந்தக் கதையில் நிஜமான திகில் அங்கேதான் இருக்கு. அதைத் தடுக்க மந்திரவாதி வேண்டாம், ‘உள்ளே வா’ என்று சொல்லும் ஒரு அப்பா அம்மா போதும்.