மாசி வீதிகளின் வலச்சுற்று

மதுரையின் பழைய நகரம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக அமைந்தது. மதிலுக்குள் ஆடி வீதிகளும், வெளியே சித்திரை வீதிகளும், அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகளும், அவற்றுக்கு அப்பால் மாசி வீதிகளும் உள்ளன. வெளி வீதிகள் மட்டும் பிற்காலத்தவை, 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை. மாதப் பெயர் கொண்ட வீதிகள் அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி உலா வந்த வீதிகள் என்பது மரபு. எந்த விழாவாயினும் உலா கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சென்று மீண்டும் கிழக்கை அடைகிறது. அதாவது கோயில் எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கிறது. இதுவே வலம் வருதல்.

திருமலை நாயக்கர் (1623–1659) மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றினார் என்றும், மாசி அறுவடைக் காலமாதலால் குடியானவர்கள் விழாவுக்கு வர இயலாதிருந்ததே அதற்குக் காரணம் என்றும் சொல்லப்படுகிறது. மாதம் மாறியதேயன்றி வீதி மாறவில்லை. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. திசையும் மாறவில்லை. தேரோட்டத்துக்கு இரு நாள் முன்னர் நடக்கும் திக்குவிசயத்தில் மீனாட்சி எண்திசைக் காவலரை வெல்லும் முறையிலும் இதே ஒழுங்கு உண்டு: கிழக்கில் இந்திரன், தென்கிழக்கில் அக்கினி, தெற்கில் யமன் என்று தொடங்கி வடகிழக்கில் ஈசானனோடு முடியும் அவ்வரிசையே ஒரு வலச்சுற்று.

இத்திசைக்குப் பலரும் கூறும் விளக்கம் சூரியனைச் சார்ந்தது. கடக ரேகைக்கு வடக்கே நிற்பவருக்கு ஞாயிறு கிழக்கில் எழுந்து, நண்பகலில் தெற்கே நின்று, மேற்கில் மறைகிறது. நட்ட கோலின் நிழலும் அதே போக்கில் நகர்வதால், வட அரைக்கோளத்து நிழற்கடிகாரத்தைப் பின்பற்றிய கடிகார முள்ளும் அப்படியே சுற்றுகிறது. வேள்வித்தீயை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றும் வேதச் சடங்கு உருவான வட இந்தியச் சமவெளிக்கு இவ்விளக்கம் பொருந்தும். மதுரைக்கு அது முழுதும் பொருந்தாது. ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ள இந்நகரில், ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சிக்கு வரும் சூரியன் ஆகஸ்டு இறுதி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கேயே நிற்கிறது. ஆகவே சித்திரைத் தேர் பெரும்பாலும் ஓடும் நாட்களில் கோலின் நிழல் நண்பகலில் தெற்கே விழுகிறது. கீழ மாசி வீதியிலிருந்து தேர் தெற்கு நோக்கிச் செல்ல, சூரியனோ வடக்கு வழியாக மேற்கே போகிறது. வலம் என்னும் விதி வேறொரு வானத்தின் கீழ் உருவாகி, ஆகமங்களோடு தெற்கே வந்து நிலைத்தது என்று கொள்வதே பொருத்தம்.

எங்கும் இதே திசைதான் என்பதும் இல்லை. மக்காவில் கஅபாவைச் சுற்றும் தவாபு இடச்சுற்று. கயிலை மலையைப் பௌத்தர் வலமாகவும் பொன் சமயத்தார் இடமாகவும் சுற்றுகின்றனர். இங்கேயே நீத்தார் சடங்குகளில் இடமாகச் சுற்றுவது வழக்கம், பிரதோஷத்திலோ பாதி வலமும் பாதி இடமுமாகச் செல்லும் சோமசூத்திர முறை உண்டு. திசைக்குப் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் அதை யாரும் நிலைநிறுத்துவதில்லை: மைக்ரோவேவ் அடுப்புகள் பலவற்றில் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் ஒத்தியங்கு மோட்டார், அதாவது மாறுதிசை மின்னோட்டத்தின் அலைவோடு ஒத்து ஒரே வேகத்தில் சுழலும் சிறு மோட்டார், பொத்தானை அழுத்தும் கணத்து மின்னோட்டத்தைப் பொறுத்து ஒரு முறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் கிளம்பும். எப்பக்கம் சுழன்றாலும் உணவு ஒரே மாதிரி சூடாவதால், திசையைக் கட்டுப்படுத்தும் பாகம் அதில் வைக்கப்படுவதில்லை.

மாசி வீதியில் திசையை உறுதியாக்குவதில் சாத்திரத்துக்கு இணையான பங்கு தேர்த்தொழிலுக்கும் உண்டு. நூல்கள் இதைக் குறைவாகவே பேசுகின்றன. தேருக்குத் திருப்புவிசை கிடையாது. சக்கரத்துக்கு அடியில் இடும் முட்டுக்கட்டையே அதை நிறுத்துவதும் திருப்புவதும். வீதி முனையில் வலச்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தயங்கி நிற்க, இடச்சக்கரம் உருண்டு முன்னேற, அடுத்த வீதிக்குள் நீண்ட வடத்தைப் பிடித்தவர்கள் இழுக்க, தேரின் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்பும். நான்கு முனைகளிலும் திருப்பம் வலப்பக்கமே. நகரும் சக்கரத்தின் முன் குனிந்து கட்டையிட்டு, அது நசுங்குமுன் கையை விலக்கிக்கொள்ளும் அத்தொழிலாளருக்கு, ஆண்டுதோறும் ஒரே பக்கத் திருப்பம் என்பது சிறு வசதியன்று.

கிழக்கில் தொடங்குவது இவ்விதியின் சாரமன்று. நகருக்குத் தென்மேற்கே திருப்பரங்குன்றத்தில் கோயில் குன்றின் வடபுறம் இருப்பதால், பங்குனிப் பெருவிழாத் தேர் வடக்கில் புறப்பட்டு, கிழக்கு, தெற்கு, மேற்கு எனக் கிரிவலப் பாதையில் குன்றைச் சுற்றி நிலைக்குத் திரும்புகிறது. தொடங்கும் திசை அங்கு வேறு. குன்று இருப்பது வலக்கைப் பக்கமே.