நூலக வரியும் தக்காளி விலையும்

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் "நூலக வரி" என்று ஒரு சிறு தொகை தனியாக இருக்கும். ரூபாய்க்கு 10 காசு வீதம். சின்னத் தொகை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஓசூர் நகரத்தில் மாடி வீடு வைத்திருப்பவர் மட்டும் இதைக் கட்டவில்லை. தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கெலமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஓட்டு வீட்டில் இருக்கும் விவசாயியும் கட்டுகிறார். அந்தக் காசுக்கு அவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைத்திருக்க வேண்டும்? வெகுநாளாக எனக்குள் இருந்த கேள்வி இது. ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததையும் இந்தப் பக்கத்தில் கண்டதையும் எழுதுகிறேன்.

கிராமத்தைத் தேடி நூலகம் போக வேண்டும் என்ற எண்ணம் நம் தமிழ்நாட்டில் புதியதல்ல. 1931இல் மன்னார்குடி மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி. கனகசபைப் பிள்ளை, ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத் துறையில் உலகமே பாடமாகப் படிக்கும் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே 1931இல்தான். வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல் நூலகமே அவர் வாசலுக்குப் போகலாம் என்பதை அந்த வண்டி நடத்திக் காட்டியது.

ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. நூலக வரியும், மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழுவும் இந்தச் சட்டத்தால் வந்தவை. ஆக, நம் ஊர் நூலகம் யாரும் போட்ட தருமம் அல்ல. நாம் வரி கட்டி வாங்கிய உரிமை.

ஆனால் அந்த நாளில் விவசாயிக்குத் தகவல் கொண்டுவந்தது புத்தகத்தைவிட வானொலிதான். பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியைச் சுற்றி ஊர் கூடி உட்கார்ந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த ரகத்துக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலிக்கு ஒரே ஒரு குறை. அது பேசும், நாம் கேட்கலாம். "என் வயலில் இப்படி இருக்கிறதே, என்ன செய்ய?" என்று அதனிடம் திருப்பிக் கேட்க முடியாது.

இனி நம் பகுதிக்கு வருவோம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தர்மபுரி பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. இடையில், 1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. 1980களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. நான் ஓசூருக்கு வந்ததும் அந்த அலையில்தான். பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனார்கள். அப்பாக்கள் நிலத்தில் இருந்தார்கள். கேழ்வரகும் கொள்ளும் விளைந்த இடத்தில் தக்காளி, குடைமிளகாய், ரோஜா வந்தன. மல்பெரி வைத்தவர்கள் பட்டுக்கூடு எடுத்தார்கள்.

இந்தப் பயிர்களுக்கெல்லாம் ஒரு பொதுவான சங்கதி உண்டு. விலை நம் கையில் இல்லை, நம் மாநிலத்திலும் இல்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கோலார் மார்க்கெட்டும் பெங்களூரும் தீர்மானிக்கும். பட்டுக்கூட்டுக்கு ராமநகரம் பதில் சொல்ல வேண்டும். கிராமத்து நூலகத்துக்கு வரும் பேப்பரிலோ கோயம்பேடு விலை இருக்கும். அதுவும் நேற்றைய விலை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் இன்று என்ன விலை என்பது லாரிக்காரருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும். விளைவித்தவருக்கு மட்டும் தெரியாது. தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வருஷங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, மொழி. இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், வங்கியில் ஆங்கிலம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மூன்று மொழியில் பேரம் பேசுவார். எந்த மொழியிலும் ஒரு படிவத்தை முழுதாகப் படிக்க அவருக்கு வராது. தகவல் பலகையில் இருந்தால் மட்டும் இவருக்குப் போதாது, யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

"யாராவது" என்ற இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, வில்லியனூரை நடுமையமாக வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. டெலிபோனே ஒழுங்காகக் கிடைக்காத காலம். கணினிகளை ரேடியோ அலையால் இணைத்தார்கள். கரண்ட் போகும் என்பதால் சூரிய ஒளித் தகடு வைத்தார்கள். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்தில் மையம் அமைந்தது. நடத்தியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். இடம் ஊர் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வந்து போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். நெல் விலை, உரம் விதை இருப்பு, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி என்று ஊர் கேட்டதைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தார்கள்.

கடலோர வீராம்பட்டினத்தில் இதே மையம் வேறு வேலை செய்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்த காலையில், பக்கத்தில் உள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த ஊர்க்காரர், முன்பு இந்தத் தகவல் மையத் திட்டத்தில் தொண்டராக இருந்தவர். தொலைக்காட்சியில் செய்தி பார்த்து, ஊருக்குச் சொன்னார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். ஒலிபெருக்கி எல்லா ஊரிலும் இருக்கும். எச்சரிக்கை வந்தால் எங்கே ஓட வேண்டும், எதை எடுத்துப் பேச வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

இதே காலத்தில், 2001 வாக்கில், மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்துக் கிராம இணைய மையங்கள் வந்தன. நோய் வந்த பயிரைப் படம் பிடித்து அனுப்பினால் வேளாண் கல்லூரியிலிருந்து பதில் வரும். நல்ல யோசனைதான். ஆனால் மையத்தை நடத்துபவர் கட்டணம் வாங்கித் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வருமானம் கட்டுப்படியாகாமல் பல மையங்கள் மூடப்பட்டன. மேற்பார்த்த பெரிய நிறுவனங்கள் பின்வாங்கியதும் ஊரில் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நூலகத்துக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குத்தான் வரி இருக்கிறதே!

இங்கே நம் அரசு செய்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளையும் எட்டியது. ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் வேலைகளில் ஒன்று, ஒரு நூலகம். நம் மலைக் கிராமங்களுக்கும் கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. வராதது, முழுநேர ஆள். சொற்ப மதிப்பூதியத்துக்கு ஒருவர் காலையிலும் மாலையிலும் திறந்து வைக்க வேண்டும் என்று இருந்தது. பல ஊர்களில் கட்டடம் பூட்டிக் கிடந்தது, கூரை ஒழுகியது. நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகர்களோ காலமுறை ஊதியம் கேட்டுப் பல வருஷங்களாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரிப் பாடம் நமக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? கர்நாடகம் 2001லேயே "பூமி" திட்டத்தில் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றிவிட்டது. அப்போது தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் பஹணி நகல் கிடைத்தது. 2019இல் கிராம நூலகங்கள் 5,600க்கும் மேற்பட்டவை, நூலகத் துறையிலிருந்து ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றப்பட்டன. பஞ்சாயத்தோடு சேர்த்து, பலவற்றுக்குக் கணினியும் இணையமும் கொடுத்தார்கள். இன்று அவற்றுக்கு "அறிவு கேந்திரா" என்று பெயர். எல்லாமே சிறப்பாக நடக்கிறதென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆனேக்கல் தாலுகாவில் இருப்பவருக்கும் ஓசூர் தாலுகாவில் இருப்பவருக்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருக்கிறது. அங்கே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது?

வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, விவசாய மானியத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஊர் நூலகங்களில் கணினி வைத்து, நூலகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு அங்கேயே விண்ணப்பம் போட உதவினார்கள். வேளாண் துறையும் நூலகமும் கைகோத்ததால் நடந்தது அது.

நமக்கு இன்று கணினிகூட வேண்டாம், எல்லார் பையிலும் போன் இருக்கிறது. 2004இல் கிசான் கால் சென்டர் வந்தது. 2018இல் உழவன் செயலி வந்தது. பட்டா சிட்டா, 'அ' பதிவேடு போனிலேயே பார்க்கலாம். வில்லங்கத்தையும் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வருஷம் 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும். விவசாயிக்குத் தனி அடையாள எண் வேறு வந்துவிட்டது. இவ்வளவும் இருந்தும், ஒரு பட்டா நகலுக்குப் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிற்கிறார்கள். வேறு ஒருவர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி. யாருக்குப் போனது என்று தெரியாமல் திரும்புகிறார்கள்.

நம் பகுதியில் இது சும்மா வசதிக் குறைவு மட்டும் அல்ல. சிப்காட் விரிவாக்கம், லேஅவுட், சாலை என்று நிலத்துக்கு விலை ஏறிக்கொண்டே இருக்கும் இடம் இது. தன் சர்வே எண்ணில் யார் பெயர் இருக்கிறது, என்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை தானே பார்க்கத் தெரிந்த விவசாயியை ஏமாற்றுவது கடினம். பார்க்கத் தெரியாதவர், தரகர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். தக்காளியில் ஏமாந்தால் ஒரு பருவம் போகும். நிலத்தில் ஏமாந்தால் திரும்பாது.

எனவே நான் கேட்பது புதிய திட்டம் அல்ல. பூட்டிக் கிடக்கும் நூலகம் திறக்கட்டும். அதில் சம்பளம் வாங்கும் ஒருவர், முடிந்தால் தெலுங்கும் கன்னடமும் பேசும் உள்ளூர்ப் பெண், உட்காரட்டும். காலையில் கோலார், ராமநகரம், ராயக்கோட்டை விலையைக் கரும்பலகையில் எழுதட்டும். வாரம் ஒரு மாலை, போனில் பட்டா பார்ப்பது, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கட்டும். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதம் ஒருவர் வந்து பேசினால் இன்னும் நல்லது. ஓய்வு பெற்ற நாமும் வாரம் இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டு வரி ரசீதைக் கையோடு எடுத்துப் போங்கள். நம் ஊரில் போன வருஷம் எவ்வளவு நூலக வரி வசூலானது, நூலகம் எத்தனை நாள் திறந்திருந்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் தெரிவியுங்கள்.