எல்லை ஊர் கேட்ட குரல்

1960 ஏப்ரல் 1 அன்று பள்ளிப்பட்டு மாநிலம் மாறியது. 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் மாவட்டத்துக்குள் போன ஊர் அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதன் பங்கில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நிலவரி கட்டும் இடம் மாறியது, அரசு அலுவலகக் காகிதங்களின் மொழி மாறியது. வீட்டு ரேடியோவின் முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சென்னை கேட்டவர் சென்னை கேட்டார். 1948 டிசம்பர் முதல் ஒலிபரப்பாகிவந்த விஜயவாடா கேட்டவர் அதையே கேட்டார். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசும் ஊரில் இரண்டுக்கும் காது இருந்தது.

பள்ளிப்பட்டிலிருந்து சென்னை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னை ஒலிபரப்பின் தொடக்க காலத்தில் அது பெரிய தூரம். சென்னை எழும்பூரின் வானொலிக் கூடத்தில் ஒருவர் பாடியது குசஸ்தலை ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர வேண்டுமானால், நடுவே சில கண்ணாடிக் குழாய்கள் அந்தக் குரலைச் சரியான உயரத்தில் பிடித்து ஏற்ற வேண்டும். உயரம் குறைந்தால் குரல் வழியிலேயே இரைச்சலில் கரையும், கூடினால் கிழியும். பாடியவர்களையும் அறிவிப்பாளர்களையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த உயரத்தைக் காத்த வால்வுகளைப் பற்றியும் அவற்றோடு வாழ்ந்தவர்களைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. எழுதப்பட வேண்டிய வரலாறு அது.

வால்வு என்று ரேடியோக்காரர்கள் சொல்வதைப் பாடநூல் வெற்றிடக் குழாய் என்கிறது. 1904-இல் லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சூடான இழையையும் ஒரு தகட்டையும் வைத்தார். மின்னோட்டம் ஒரு பக்கமாக மட்டும் பாய்ந்தது. தண்ணீரை ஒரு வழியில் மட்டும் விடும் அடைப்பான் போல இருந்ததால் வால்வு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பிவலையைச் சேர்த்தார். வலைக்குக் கொடுக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம், தகட்டுக்குப் பாயும் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. ஏரி மதகின் திருகை ஒரு கை திருப்பினால் வயல்வெளிக்குப் போகும் தண்ணீர் முழுவதும் கட்டுப்படுகிறதே, அந்த வேலைதான். பின்னால் வந்த எல்லாச் சுற்றுகளும் இந்த ஒரு கைத்திருப்பத்தில் தொடங்குகின்றன.

சென்னைக்கு வால்வு ஒலிபரப்பு 1924-இல் வந்து சேர்ந்தது. மாநகராட்சியில் மின்பொறியாளராக இருந்த சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் அந்த ஆண்டு மே மாதம் சென்னை மாகாண வானொலி மன்றம் அமைந்தது. ஜூலை 31 அன்று ஒலிபரப்புத் தொடங்கியது. கருவியின் வலிமை 40 வாட். ஒரு சாதாரண வீட்டு மின்விசிறிக்கே அதைவிடக் கூடுதலாக மின்சாரம் ஆகும். பிறகு 200 வாட் கருவி வந்தது. சந்தா கட்டிய சிலருக்காகச் சில ஆர்வலர்கள் நடத்திய அந்த மாலைநேர இசை 1927-இல் பணமில்லாமல் நின்றது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி கட்டி, ரேடியோ வாங்க வழியில்லாதவர்களையும் கேட்க வைத்தது. ஒரு மாநகராட்சி, குடிநீரும் தெருவிளக்கும் போல இசையும் தன் கடமை என்று நினைத்த காலம் அது. அகில இந்திய வானொலி வரும்வரை எட்டு ஆண்டுகள் அதைத் தாங்கிப் பிடித்தார்கள்.

குரல் காற்றில் தானாக நூறு கிலோமீட்டர் போகாது. விநாடிக்குப் பல லட்சம் முறை அதிரும் ஊர்தி அலை ஒன்று வேண்டும். அந்த அலையின் வீச்சைக் குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி உயர்த்தித் தாழ்த்துவதைப் பாடநூல் வீச்சுப் பண்பேற்றம் என்கிறது, ரேடியோக்காரர்கள் மாடுலேஷன் என்கிறார்கள். 1920-களில் பெரிதும் வழங்கிய முறை அமெரிக்கப் பொறியாளர் ரேமண்ட் ஹைசிங்குடையது. ஒரு பெரிய கம்பிச்சுருள் வழியாக வரும் மின்னோட்டம் அளவு மாறாமல் வரும். அதை இரண்டு வால்வுகள் பகிர்ந்துகொள்ளும். ஒன்று ஊர்தி அலையை எழுப்புவது, மற்றொன்று குரலுக்கு அசைவது. ஒரே வாய்க்காலில் இரண்டு மடை. குரல் மடை கூடுதலாகக் குடித்தால் அலை மடைக்குக் குறையும். அது மூடினால் இது நிரம்பும். குரலின் வடிவம் அப்படியே அலையின் உயரத்தில் பதிந்துவிடும்.

எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதில்தான் எல்லை ஊரின் விதி இருந்தது. அலையின் வீச்சு ஒரு முனையில் இரட்டிப்பாகவும் மறுமுனையில் சுழியாகவும் போய்வந்தால் அது நூறு சதவீதம். அப்போது குரலைச் சுமக்கும் பக்க அலைகளின் ஆற்றல் ஊர்தி அலையின் ஆற்றலில் பாதி. 10 கிலோவாட் நிலையம் என்றால் 5 கிலோவாட் குரலுக்குப் போகும். அதே நிலையம் முப்பது சதவீத ஆழத்தோடு நின்றுவிட்டால் குரலுக்குக் கிடைப்பது 450 வாட். மின்கட்டணம் அந்த அளவுக்குக் குறையாது, கேட்பவருக்கு வந்து சேர்வது பதினொன்றில் ஒரு பங்கு. மயிலாப்பூரில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கோடை இடி முழங்கும் மாலையில் பள்ளிப்பட்டில் காது வைத்துக் கேட்டவருக்கு, கச்சேரி கேட்பதா கரகரப்பைக் கேட்பதா என்பதே அதில் இருந்தது.

அப்படியானால் ஆழத்தைக் கூட்டிவிடலாமே? கூட்டலாம், நூறு வரை. அதைத் தாண்டினால் அலை சில நொடித்துளிகளுக்கு அறுந்தே போகும். அறுந்த இடத்தில் குரல் உடையும். உடைந்த சில்லுகள் பக்கத்து அலைவரிசையில் போய் விழும். அடுத்த நிலையம் கேட்பவருக்கும் தொல்லை. ஆகவே ஒலிபரப்பு என்பது அந்த நூறை ஒட்டியே நடக்க வேண்டும், தொடவும் வேண்டும், தாண்டவும் கூடாது.

1938 ஜூன் 16 அன்று சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டபோது இரண்டு கருவிகள் இருந்தன. நகரத்துக்கு 250 வாட் மத்திய அலை. மாகாணத்தின் தொலைவூர்களுக்கு 10 கிலோவாட் சிற்றலை. மேலே ஏறி அயனி மண்டலத்தில் பட்டு மழைபோல் கீழே இறங்குவது அது. பள்ளிப்பட்டு போன்ற ஊர்கள் நம்பியது அந்த மழையைத்தான். அப்போது அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் சி.டபிள்யூ. காய்டர். 1924-இல், சென்னை மன்றம் தொடங்கிய அதே ஆண்டில், லண்டன் மில் ஹில் பள்ளி மாணவனாக இருந்தபோது பிரிட்டனிலிருந்து நியூசிலாந்தோடு முதன்முதலில் இருவழித் தொடர்பு கொண்டவர் அவர். வலிமை குறைந்த அலை ஒன்று உலகின் மறுபக்கம் போய்ச் சேரும் அருமையைத் தன் கையால் தெரிந்தவர் கையில் இந்தியாவின் வானொலி வலை வந்து சேர்ந்தது நல்ல பொருத்தம்.

ஆனால் சென்னையின் இசை ஐரோப்பிய இசையைப் போன்றதில்லை. பெரிய கோயில் வெளியில் ஒலிப்பதற்கென்றே உருவான நாகசுரமும் தவிலும் மூடிய கூடத்துக்குள் மைக்கின் முன் உட்கார்ந்தன. மைக் இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடிப் பழகிய தொண்டைகள் வந்தன. அடுத்த நிமிடமே வீணையின் மெல்லிய கமகம் வரும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முள்ளைப் பார்த்தபடி ஒலியளவைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ராகம் தெரிந்த பொறியாளர், வித்வான் மேல் ஸ்தாயிக்குப் போகப்போவதை முன்கூட்டியே உணர்ந்து கையைத் தாழ்த்துவார். தவில் அடி அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. எந்தக் கையும் அதைவிட வேகமாக நகர முடியாது.

கை முடியாத இடத்தில் வால்வு வந்தது. இதில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் ஏரிக்கரையில் நின்றால் புரிந்துகொள்ளலாம். முதலாவது கலங்கல். ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கலைத் தாண்டி வழிந்துவிடும், மட்டம் அதற்குமேல் ஏறாது. ஃபிளெமிங்குடையது போல ஒரு பக்கம் மட்டும் ஓட்டம் விடும் இரண்டு டயோடு வால்வுகளை எதிரெதிராக வைத்து, இன்ன மின்னழுத்தத்தைத் தாண்டினால் திறந்துகொள் என்று அமைத்தால், அலையின் உச்சி அங்கேயே வெட்டப்படும். வெட்டுச் சுற்று என்று இதற்குப் பெயர். கணநேரமும் தாமதிக்காது. ஆனால் உச்சி தட்டையான அலையில் மூலத்தில் இல்லாத ஒலிகள் முளைக்கும். பேச்சுக்குப் பொறுக்கலாம், நாகசுரத்துக்கு ஆகாது.

இரண்டாவது வழி, ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியின் வழி. வரத்து கூடுவதைப் பார்த்து அவர் மதகின் பலகையையே இறக்கிவிடுவார். தண்ணீர் குறையும், ஓட்டத்தின் இயல்பு கெடாது. 1930-ஐ ஒட்டி ஸ்டூவர்ட் பாலன்டைனும் எச்.ஏ. ஸ்னோவும் வலைக்கம்பியைச் சீரற்ற இடைவெளியில் சுற்றிய வால்வு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வலைக்குக் கூடுதல் எதிர்மின்னழுத்தம் கொடுக்கக் கொடுக்க அதன் பெருக்கும் திறன் படிப்படியாக இறங்கும். வெளியே போகும் ஒலியின் உச்சியைச் சிறிது பிடித்து, நேர்மின்னாக்கி, இந்த வலைக்கே திருப்பிக் கொடுத்தால் வால்வு தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1937-இல் 110-ஏ என்ற பெயரில் வானொலி நிலையங்களுக்காக, ஒலியின் உச்சியைத் தானே அடக்கும் லிமிட்டரை விற்கத் தொடங்கியது. அதன்பின் லிமிட்டர் ஒலிபரப்புக் கூடங்களின் வழக்கமான கருவியாகிவிட்டது. சராசரி ஒலியைத் துணிந்து உயர்த்தலாம், உச்சியை அது பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் அதில் கிடைத்தது. தொலைவூர்க்காரருக்குக் குரல் நெருங்கி வந்தது இந்தத் தைரியத்தால்தான்.

அதற்கும் ஒரு விலை இருந்தது. ஒலி மிகுந்தால் லிமிட்டர் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் இறங்கிவிடும்; திரும்பி ஏற அரை விநாடியோ அதற்கு மேலோ ஆகும். வலைக்குத் திரும்பும் மின்னழுத்தத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கி மெல்லத்தான் வடியும். தவிலில் ஒரு பலத்த அடி விழுந்ததும் எல்லாம் சேர்ந்து அமுங்கும். தவில் ஓய்ந்தபின் நாகசுரம் மட்டும் மெதுவாக எழுந்து வரும். அடுத்த அடியில் மறுபடி அமுங்கும். பாட்டு மூச்சிரைப்பது போலக் கேட்கும். ஏறும் நேரத்தைக் குறைத்தால் தாழ்ந்த சுரங்கள் கெடும், கூட்டினால் வீணை காணாமல் போகும். மைக்கிலிருந்து தவிலை எத்தனை அடி தள்ளி உட்கார வைப்பது என்பதே இதற்குச் சரியான முதல் மருந்து.

அனுப்பும் முனையில் இருந்த அதே வால்வு, கேட்கும் முனையிலும் இருந்தது. ஹரால்ட் வீலர் 1925-இல் வகுத்த தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, இரவில் ஏறி இறங்கும் தொலைநிலையங்களை ஒரே மட்டத்தில் நிறுத்தியது. அது இல்லாமல் தமிழ்நாடு இலங்கை வானொலியை அவ்வளவு அன்போடு கேட்டிருக்க முடியாது. 1952-இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகியது. காதுகள் கொழும்புக்குத் திரும்பின. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி தொடங்கியபோது அந்தக் காதுகளை மீட்க வேண்டியிருந்தது. ரேடியோப் பெட்டியின் முகப்பில் பச்சையாக ஒளிரும் மேஜிக் கண், நிலையம் சரியாகப் பிடிபட்டதும் இமைகள் கூடுவதுபோலச் சுருங்கும். கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டிய வால்வு அது.

பழுதானால் ஈசிஎச்81, ஈபிஎஃப்89, ஈஎல்84 என்று எண் சொல்லி வாங்கிய வால்வுகள் முதலில் கடல்கடந்து வந்தன. 1961 முதல் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் அவற்றை உள்நாட்டிலேயே செய்தது. 1964-இல் அகில இந்திய வானொலிக்கான ஒலிபரப்புக் கருவிகளையும் செய்து கொடுத்தது. ஒரு முனையின் ஒலிபரப்புக் கருவியும் மறுமுனையின் சின்ன வால்வும் இந்தியக் கைகளில் சேர்ந்த ஆண்டுகள் இவை. சற்றுப் பிந்தி, 1977-இல், நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற முறை அது. அதில் செய்தி அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது. ஆகவே ஏற்பியில் ஒரு லிமிட்டர் உயரத்தை முழுக்கச் சீவிவிடும், அதோடு இடியின் கரகரப்பும் போய்விடும். உயரத்தைக் காக்க அரை நூற்றாண்டு பாடுபட்ட கலை, அதைத் தூக்கி எறியவும் பயன்பட்டது.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்தில் வால்வை எல்லோரும் கண்ணால் பார்த்தது மைக் செட்டில்தான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி போகும் சாலையில், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் கீழே மேசைமேல் சிவந்து ஒளிரும் ஆம்ப்ளிஃபையரும். உள்ளே இரட்டை 807 அல்லது இரட்டை ஈஎல்34. இங்கே லிமிட்டர் என்று தனியாக ஒன்று இல்லை. வால்வே அந்த வேலையைச் செய்தது. மிகையாக ஏற்றினால் டிரான்சிஸ்டர் அலையின் தலையைச் சட்டென்று வெட்டும், வால்வு மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். அந்த வளைவில் பிறக்கும் கூடுதல் ஒலிகள் காதுக்கு இனிமையாகவே சேரும். குழாய்க்குள் இருக்கும் காயில் எரிந்துவிடாமல் பிடிப்பது மைக் செட்காரரின் விரலிலும் காதிலும் இருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபையர் சத்தம் தனி என்று சொல்லும் மைக் செட்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த ஈஎல்34 இப்போது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகிறது. இன்றும் அது பொருத்திய ஆம்ப்ளிஃபையரின் சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. இழை முதலில் மங்கலாகச் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும். அரை நிமிடம் போல ஆகும். அதற்குள் ரெக்கார்டில் பல்லவி தொடங்கியிருக்கும். குழாயிலிருந்து முதலில் ஒரு ஹம், அப்புறம் எங்கோ தூரத்தில் பாடுவது போல ஒரு குரல், அது மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து, சாலை முழுவதும் நிரம்பும்.